பழைய ஸ்கீ படகு: ஸ்ட்ரிங்கருக்கு எந்த மரம் போடலாம்?

வணக்கம் நண்பர்களே. முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் கிடந்த பழைய இன்போர்ட் (என்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும் வகை) ஸ்கீ படகை, அதாவது நீர்ச்சறுக்குக்காரர்களை இழுக்கும் படகை, வாங்கியிருக்கிறேன். ஃபைபர் உடம்பு திடமாக இருக்கிறது. உள்ளே நீளவாக்கில் ஓடி என்ஜினைத் தாங்கும் மரக் கட்டைகளான ஸ்ட்ரிங்கர்கள்தான் உளுத்துவிட்டன. என்ஜின் மவுன்ட் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் மரம் ஈரத்தோடு பிய்ந்து வருகிறது.

காசிமேட்டில் கேட்டால் தேக்கு போடச் சொல்கிறார்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, ரெசின் சரியாகப் பிடிக்காதே என்று தயக்கம். ஐஎஸ் 710 (இந்தியத் தரக் குறியீடு) மரைன் பிளைவுட்டை அடுக்கி எப்பாக்ஸி ரெசினில் ஒட்டலாமா? நம்ம ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் உலர்வதே பெரும்பாடு. யாராவது செய்திருக்கிறீர்களா?

என்ஜின் 5.7 லிட்டர் வி8, இறுகிக் கிடக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டருக்குப் புதுப்பேட்டையில் கார் சாமானே போதும் என்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. மூடிய என்ஜின் பெட்டிக்குள் பெட்ரோல் ஆவி தேங்கும். பொறி வெளியே வராத மரைன் வகைதான் வேண்டும். சென்னையில் எங்கே கிடைக்கும்?

அப்புறம், பழைய கட்டையை அறுப்பதற்கு முன் என்ஜின் உயரத்தை எப்படிக் குறித்து வைப்பது? என்ஜினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் ஷாஃப்ட் நேர் தப்பினால் படகே அதிரும். ஈசிஆர் பக்கம் ஃபைபர் வேலை தெரிந்த அண்ணன்கள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.