இனம் கேட்கும் படிவத்தை ஊழியர் ஃபைலிலேயே வைக்கலாமா? (அமெரிக்கா)

எடிசன்வாசி:
நியூ ஜெர்சியில் 130 பேர் இருக்கும் ஒரு கம்பெனியில் ஹெச்ஆர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊரில் இதே வேலை பார்த்தபோது பயோடேட்டாவில் அப்பா பெயர், மதம், பிறந்த தேதி, போட்டோ எல்லாம் ஒரே ஃபைலில் கிடக்கும், யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இங்கே பீரோவைத் திறந்தால் ஆஃபர் லெட்டருக்கு அடுத்த தாள், என்ன இனம் என்று டிக் அடித்த படிவம். அதற்கு அடுத்தது அப்ரைசல். எனக்கு முன்னால் இருந்தவர் வரிசையாகப் பஞ்ச் பண்ணிக் கோத்து வைத்திருக்கிறார். ப்ரமோஷன் சமயத்தில் மேனேஜர்கள் ஃபைலை அப்படியே வாங்கிப் பார்க்கிறார்கள். இது கூடாது என்கிறார் ஒருவர். இன்னொருவரோ, ஆளைப் பார்த்தாலே தெரிவதைத் தாளில் மறைத்து என்ன ஆகப்போகிறது என்கிறார். யார் சொல்வது சரி?

பழையஹெச்ஆர்:
முதலாமவர் சொல்வதுதான் சரி. 100 பேர், அதற்கு மேல் உள்ள தனியார் கம்பெனிகள் எந்த இனத்தவர், ஆண், பெண் எத்தனை பேர் என்று காட்டும் இஇஓ-1 அறிக்கையை மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும், அந்தத் தலைக்கணக்குக்காகத்தான் இந்த விவரத்தையே வாங்குகிறோம். வாங்கியது கணக்குக்கு மட்டும் போனால் சரி. நாளைக்கு ப்ரமோஷன் கிடைக்காத ஒருவர் வழக்குப் போட்டால், முடிவெடுத்த மேனேஜர் கையில் இருந்த ஃபைலில் என்னென்ன இருந்தது என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பார், அந்தத் தாளை அவர் பார்க்கவே இல்லை என்று அப்போது எப்படி நிரூபிப்பீர்கள்? தனியாக வைப்பது ஊழியருக்கு எவ்வளவு நல்லதோ அந்த மேனேஜருக்கும் அவ்வளவு நல்லது.

பார்த்தாலே தெரியும் என்பதும் பாதிதான் உண்மை. மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினர், இரண்டு இனம் கலந்தவர், இதெல்லாம் முகத்தில் எழுதியா இருக்கிறது?

டெக்சாஸ்தம்பி:
ஒரு திருத்தம் அண்ணா. இன விவரத்துக்கு 29 சிஎஃப்ஆர் 1602.13 என்ற மத்திய அரசு விதியில் இருப்பது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. நிரந்தரமாகப் பதிந்து வைப்பதானால், வேலை சம்பந்தமான முடிவெடுப்பவர்கள் கைக்குப் போகும் ஃபைலில் இல்லாமல் தனியாக, உதாரணத்துக்குச் சம்பளப் பிரிவின் கணினியில் வையுங்கள் என்கிறது. கண்ணால் பார்த்துக் கணக்கெடுப்பதைக்கூட அதே விதி அனுமதிக்கிறது! ஆனால் மருத்துவ விவரம் வேறு. 1990-ன் ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அது தனிப் படிவத்தில், தனி ஃபைலில், ரகசியமாக இருந்தே ஆக வேண்டும். 15 பேர் இருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தும். லீவுக்குக் கொடுத்த டாக்டர் சர்டிஃபிகேட் அப்ரைசலுக்குப் பின்னால் கோத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் பயம் அதுதான்.

பழையஹெச்ஆர்:
ஒப்புக்கொள்கிறேன் தம்பி, பரிந்துரைதான். ஆனால் ஆணையமே எழுதி வைத்த பரிந்துரையை ஏன் மீறினாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நான் தயாரில்லை.

மீனாட்சி:
பீரோவைப் பூட்டினால் போதாது. முன்பு நான் இருந்த இடத்தில் தாள்களை அழகாகப் பிரித்துவிட்டோம், ஆனால் சாஃப்ட்வேரிலிருந்து மேனேஜர் எக்செல் இறக்கினால் சம்பளத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் இனம் வந்து நின்றது, ஒரு வருஷம் யாரும் கவனிக்கவில்லை. மேனேஜர் லாகினில் உள்ளே போய்ப் பாருங்கள், உங்கள் லாகினில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அப்புறம் ஐ-9, அதாவது இங்கே வேலை பார்க்க அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் படிவம். அதோடு பாஸ்போர்ட் நகல் வைத்திருந்தால் பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாம் அதில் இருக்கும். அதையும் தனியாக எடுத்து வையுங்கள்.

எடிசன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஐந்து ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன், இரண்டில் டாக்டர் சர்டிஃபிகேட், ஒன்றில் பிரசவ லீவுக் கடிதம். வெளியே எடுத்த படிவங்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா?

டெக்சாஸ்தம்பி:
ஐயோ, கிழிக்காதீர்கள் அக்கா! ஊழியர் ஆவணங்களைக் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும், புகார் ஏதாவது நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை சம்பந்தப்பட்ட எதையும் தொடக்கூடாது. இடம் மட்டும் மாற்றுங்கள். எந்தத் தாளை எந்தத் தேதியில் எங்கே மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும்.