தார்ப்பாய்க் குட்டையில் ஜிலேபி மீனுக்கு முதுகு கோணுது, என்ன காரணமுங்க?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டையில் ஜிலேபி விட்டு நாலு மாதம் ஆச்சு. போன வாரம் வலை போட்டுப் பார்த்தால் பத்துக்கு ஒன்று முதுகு நெளிந்து கிடக்குது, சிலதுக்குச் செவுள் மூடி குட்டையாகி உள்ளே சிவப்புத் தெரியுது. தண்ணீர் சோதித்தேன், கோளாறில்லை. கூத்து என்னன்னா, மாமன் தோட்டத்து மண்குட்டையில் அதே குஞ்சு, அதே மூட்டைத் தீவனம், அங்கே ஒன்றுக்கும் கோணல் இல்லை.

அவிநாசி மீன்குட்டை:
பூச்சிமருந்துத் தண்ணீர் இறங்கினாலும் முதுகு கோணும், அதைப் பாருங்க. தீவனத்தை எங்கே வைத்திருக்கீங்க?

கோபிக்காரன்:
மருந்துக்கு வழியில்லைங்க. தீவனம் தகரச் சாளையில்தான். விலை குறைவுன்னு பிப்ரவரியிலேயே மொத்தமாக இறக்கினது.

அவிநாசி மீன்குட்டை:
அப்போ வைட்டமின் சி மேல்தான் என் சந்தேகம். ஆடு மாடு அதை உடம்பிலேயே செய்துகொள்ளும். நம்மைப் போலவே ஜிலேபி, கெண்டை, கெளுத்திக்கெல்லாம் அது முடியாது, தின்றுதான் ஆகணும். அது இல்லாவிட்டால் எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் பிடிமானம் தருகிற கொலாஜன் சரியாக உருவாகாது, வளர்கிற மீன் கோணிப்போகும். அமெரிக்கக் கெளுத்திக்கு கிலோ தீவனத்தில் 25 முதல் 50 மில்லிகிராம் இருந்தாலே போதும் என்கிறார்கள், ஆனால் அந்தக் கொஞ்சமும் சித்திரை வெயிலில் தகரத்தடியில் தாங்காது. மண்குட்டையில் பாசி, நுண்ணுயிர்னு மீன் மேய்ந்து ஈடுகட்டிக்கொள்ளும். தார்ப்பாயில் தெளிந்த தண்ணீர், மூட்டையை விட்டால் கதியில்லை.

காங்கேயம் தோட்டம்:
எலுமிச்சை பிழிந்து போட்டால் ஆகாதுங்களா?

அவிநாசி மீன்குட்டை:
நானும் ஒரு வருசம் அந்தக் கூத்தடித்தேன், தண்ணீரில் கரைந்து போனதுதான் மிச்சம். பாஸ்பேட்டோடு சேர்த்த வைட்டமின் சி கிடைக்கும், சூட்டைத் தாங்கும். பையில் அதைப் போட்டிருக்கான்னு பார்த்து, ஒரு மாதத்துக்கு ஆகிறதை மட்டும் வாங்குங்க. கோணினது நிமிராது, தனியாகப் பிடித்து வித்துடுங்க. மூட்டையில் சிக்கு வாடை வருதா? வந்தால் வைட்டமின் ஈயும் போயிருக்கும்.

கோபிக்காரன்:
இப்பத்தான் பிரித்துப் பார்த்தேன், பழைய பலகாரச் சட்டி மாதிரி நாறுது. மாமன் வீட்டில் இன்னும் மூணு மூட்டை இருக்கு, போன் போட்டாச்சு.