பெட்ரோல் தீர்ந்து நின்ற பத்மினி: கார்புரேட்டரில் ஊற்றலாமா, கூடாதா?

ஓமலூர்_பத்மினி: மாமாவின் பழைய பிரீமியர் பத்மினி. பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டது. நேற்று வழியில் டேங்க் காலியாகி நின்றது. கேனில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றி, செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். இப்போது வீட்டு வாசலில் நிற்கிறது. பேட்டரியை சார்ஜ் போட்டிருக்கிறேன். அடுத்து என்ன செய்யலாம்?

பழைய_ஷெட்: இதற்கா யோசனை? ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது) வாயில் ஒரு மூடி பெட்ரோல் விட்டு செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்துக்கொள்ளும். டாக்ஸி ஓட்டிய காலத்திலிருந்து இதைத்தான் செய்கிறேன்.

அம்பி_அண்ணாச்சி: புதிதாகக் கேட்கிறவரிடம் இதையா சொல்வது? ஸ்பார்க் விழும் டைமிங் கொஞ்சம் தப்பியிருந்தால் போதும், பேக்ஃபயர், அதாவது பின்னோக்கி வெடிக்கும் தீ, கார்புரேட்டர் வழியாகத்தான் வரும். ஃபில்டரும் இல்லை, மேலே சிந்திய பெட்ரோல் வேறு. பானெட்டே பற்றிக்கொள்ளும். தம்பி, இன்ஜின் பக்கவாட்டில் ஏசி பம்ப் இருக்கும்; டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் அது, குளிரூட்டும் ஏசி இல்லை. அதன் அடியில் சின்ன லீவர் இருக்கிறதா பாருங்கள். அதைக் கையால் அடித்தாலே பெட்ரோல் ஏறும்.

பழைய_ஷெட்: அண்ணாச்சி, நான் ஊற்றச் சொன்னது ஒரு மூடி, ஒரு குடம் இல்லை. அந்த லீவரை நம்பி எத்தனை பேர் நடுரோட்டில் நின்றிருக்கிறார்கள் தெரியுமா? பாதி நேரம் லொடலொடவென்று ஆடும், ஒன்றும் ஏறாது.

அம்பி_அண்ணாச்சி: ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இன்ஜினோடு சுற்றி பம்பை இயக்கும் கேமின் மேடு பம்ப் கையை ஏற்கெனவே அழுத்தி வைத்திருக்கும், அதனால் பெட்ரோலை இழுக்கும் டயாபிரம் (பம்புக்குள் இருக்கும் சவ்வு) அசையாது. செல்ஃபை ஒரு தட்டு தட்டி இன்ஜினைக் கொஞ்சம் சுற்றவிட்டு மறுபடி அடித்தால் கைக்குக் கனம் தெரியும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் நிரம்பியதும் அந்தக் கனம் தானாக விட்டுப்போகும். அப்போது சாவியைத் திருப்பினால் போதும்.

செல்ஃபிலேயே ஏற்றப் பார்த்தால் ஏன் பேட்டரி போகிறது? டேங்க் பின்னால், பம்ப் முன்னால், நடுவே குழாய் முழுக்கக் காற்று. பம்பை அடிக்கும் கேம் சுற்றுவதோ கிராங்கின் (இன்ஜினின் முக்கியத் தண்டு) பாதி வேகத்தில். பேட்டரி சோர்ந்தால் அதுவும் குறையும்.

எண்ணூறு_சிசி: என்னுடையது கார்புரேட்டர் மாருதி 800. அதன் பம்பில் லீவரே கிடையாதே?

அம்பி_அண்ணாச்சி: அப்படியென்றால் செல்ஃப்தான். 10 வினாடி அடித்து ஒரு நிமிடம் விடுங்கள், மோட்டார் ஆறட்டும். சேம்பர் காலியாக இருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

பழைய_ஷெட்: லீவர் இல்லாத வண்டிக்கு என் மூடிதானே கைகொடுக்கும்! சரி, ஒன்றில் அண்ணாச்சிக்கு விட்டுக்கொடுக்கிறேன்: சூடான இன்ஜினில் ஊற்றாதீர்கள். இன்னொன்று, ஒரு லிட்டர் பத்தாது. வாசல் சரிவாக இருந்தால் டேங்குக்குள் இருக்கும் குழாய் வாய்க்கே பெட்ரோல் எட்டாது. ஐந்து லிட்டராவது ஊற்றிவிட்டு லீவரைத் தொடுங்கள்.

ஓமலூர்_பத்மினி: வாசல் சரிவுதான். கேனோடு பங்க்குக்குக் கிளம்பிவிட்டேன். லீவர் இருக்கிறது, துரு ஏறி இறுகியிருக்கிறது.

அம்பி_அண்ணாச்சி: ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாக அசையுங்கள். அப்படியே பெட்ரோல் ஃபில்டரையும் பாருங்கள். டேங்க் அடிமண்டி முழுக்க அதில்தான் வந்து நிற்கும்.