ஒரே ‘தோவாளை’ இரண்டாக வருகிறது, உதவுங்கள்

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் ஐந்து குழுவாகப் பிரிந்து மாவட்டத்துக் குளங்களின் விவரத்தை ஒரே கூகுள் ஷீட்டில் சேர்க்கிறார்கள். ஜூனில் ஆரம்பித்தது, இப்போது 600 வரிசை தாண்டிவிட்டது.

பிரச்சினை இதுதான்: ஊர்வாரியாகத் தொகுக்கப் பிவட் அட்டவணை போட்டால் தோவாளை, கொல்லங்கோடு, கொட்டாரம் எல்லாம் இரண்டிரண்டாக வருகின்றன. கண்ணுக்கு ஒரே எழுத்துதான். குளச்சல், முட்டம் மட்டும் சரியாக இருக்கின்றன.

கூடுதல் இடைவெளியையும் மறைந்த குறிகளையும் நீக்கும் டிரிம், கிளீன் இரண்டும் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம் குறிகளை எண்ணும் லென் போட்டால் ஒரு தோவாளைக்கு 6, இன்னொன்றுக்கு 7! ஒரு குழு பழைய பாமினி (யூனிகோடு அல்லாத எழுத்துரு) கோப்பிலிருந்து மாற்றி ஒட்டியிருக்கிறது. அதில் ‘ோ’ ஒரே குறியாக இல்லாமல் ‘ே’, ‘ா’ என இரண்டு குறியாக உட்கார்ந்திருக்கிறது. ஒகர, ஓகார ஊர்கள் மட்டும் ஏன் மாட்டின என்பது அப்போதுதான் புரிந்தது. (பாமினி இன்னும் நம்மை விட்டபாடில்லை.)

பைத்தானில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்தால் சரியாகிறது. ஆனால் அடுத்த வாரமே புதிதாக ஒட்டிவிடுகிறார்கள். ஷீட்டுக்கான ஆப்ஸ் ஸ்கிரிப்டில், செல் மாறியதும் தானாக ஓடும் ஆன்எடிட் எழுதி, அது தரும் புதிய மதிப்பான இ.வேல்யூவை நார்மலைஸ் செய்து பார்த்தேன். ஒரு செல்லில் தட்டச்சு செய்தால் வேலை செய்கிறது. இருபது வரிசையை மொத்தமாக ஒட்டினால் வேல்யூ காலியாக வருகிறது, பழைய எழுத்து அப்படியே நிற்கிறது.

மொத்தமாக ஒட்டும்போதும் எல்லா செல்லும் தானாக நார்மலைஸ் ஆக, அந்த ஸ்கிரிப்டை எப்படி மாற்ற வேண்டும்?