உதவி: பாடாங் பெசாரில் பத்து நிமிடத்தில் ஹட்யாய் ரயில் தவறிவிடுகிறது, வேறு வழி உண்டா?

புளிச்சோறு22 (புதன், இரவு 11.48)
வணக்கம், கொஞ்சம் அவசரம். இந்தச் சனிக்கிழமை மூன்று பேர் தாய்லாந்தின் ஹட்யாய் நகருக்குப் போகிறோம். எங்கள் ரயில் எல்லை நிலையமான பாடாங் பெசாருக்குப் பிற்பகல் 3.50க்குத்தான் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து ஹட்யாய் போகிற ரயில் 3.40க்கே கிளம்பிவிடுகிறது. வெறும் பத்து நிமிடம்! தங்கும் விடுதிக்குப் பணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தர மாட்டார்களாம். கையில் ஆளுக்கு 250 வெள்ளி (ரிங்கிட்)தான் இருக்கிறது. என்ன செய்வது?

செந்தூல்வாசி
எங்கிருந்து ஏறுகிறீர்கள்? கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரல் நிலையம் என்றால் காலை இ.டி.எஸ். விரைவு மின்ரயிலைப் பிடியுங்கள், மதியத்துக்குள் போய்விடலாம். ஆனால் போகவும் வரவும் இ.டி.எஸ். என்றால் 250 வெள்ளியில் பெரும்பங்கு டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். இரவு பஸ் பிடித்து பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து கொம்யூட்டர் (நின்று நின்று போகிற மலிவு ரயில்) ஏறினால் பாதிச் செலவு மிச்சம். நான் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் போனேன்.

சுங்கைப்பட்டாணி_அக்கா
மூன்று பேருக்கும் மலேசியக் கடப்பிதழ்தானா? வெளிநாட்டு மாணவர் யாரும் கூட வருகிறார்களா? அதைச் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது? அப்புறம், தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பிவிட்டீர்களா? 2025 மே 1 முதல் மலேசியர்களுக்கும் அது கட்டாயம். போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், காசு கிடையாது. காசு கேட்கிற பக்கம் எதுவானாலும் மூடிவிடுங்கள். என் தங்கை மகள் அப்படி ஒன்றில் பணம் கட்டி ஏமாந்தாள்.

கூலிம்காரன்
கடப்பிதழ் எதற்கு? எல்லைப் பாஸ் எடுத்தால் போதுமே. எங்கள் ஆட்கள் எல்லாம் அதில்தான் போய் வருகிறார்கள்.

சுங்கைப்பட்டாணி_அக்கா
தம்பி, அது கெடா, பெர்லிஸ் மாதிரி எல்லை மாநிலத்தில் குடியிருக்கிறவர்களுக்கு. தம்பி கூலிமில் இருப்பதால் கிடைக்கிறது. இவர்கள் எந்த ஊர் என்றே இன்னும் சொல்லவில்லை, குழப்பாதீர்கள்.

ரயில்பித்தன்
இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் வேண்டும். பாடாங் பெசாரிலிருந்து ஹட்யாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டே சிறு ரயில், காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. சாயங்காலம் பாங்காக் போகிற விரைவு ரயிலும் ஹட்யாயில் நிற்கும், ஆனால் டிக்கெட் விலை கூடுதல். பத்து நிமிடம் தவறுகிறது என்றால் முந்தைய கொம்யூட்டரைப் பிடிக்க வேண்டியதுதான். பயணத்தை முதலில் திட்டமிட்டுவிட்டுப் பிறகு விடுதிக்குப் பணம் கட்டுவார்கள்.

கூலிம்காரன்
ரயிலை விடுங்கள். பினாங்கு கொம்தார் கட்டடத்துப் பக்கத்திலிருந்து நேரே வேன் இருக்கிறது, விடுதி வாசலிலேயே இறக்கிவிடுவான்.

தண்டவாளம்
புளிச்சோறு, ஒரே ஒரு கேள்வி. அந்த 3.40ஐ எங்கே பார்த்தீர்கள்? நம் ரயில்வேயின் கே.டி.எம். செயலியிலா, தாய்லாந்து ரயில்வே அட்டவணையிலா?

புளிச்சோறு22 (வியாழன், காலை 7.15)
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். பினாங்கிலிருந்து போகிறோம், மூவருமே மலேசியர்கள். சனி காலை ஆய்வுக்கூட வகுப்பு 12 மணிக்குத்தான் முடிகிறது. அதன் பிறகு ஃபெரி, பட்டர்வொர்த்தில் கொம்யூட்டர். முந்தைய ரயிலுக்கு வழியே இல்லை. 3.40 தாய்லாந்து ரயில்வே அட்டவணையில் பார்த்தது. கே.டி.எம். செயலியில் பாடாங் பெசாருக்கு அப்பால் எதுவுமே காட்டவில்லை.

தண்டவாளம்
அப்படியென்றால் ரயில் தவறவில்லை. அது தாய்லாந்து நேரம். அவர்கள் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். அவர்களுடைய 3.40 நம் கடிகாரத்தில் 4.40. நீங்கள் 3.50க்கு இறங்கினால் ஐம்பது நிமிடம் கையில் இருக்கிறது.

அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் அதே நிலையத்துக்குள்தான். முதலில் நம் முகப்பு, அடுத்து அவர்களுடையது. தாய் முகப்பில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டாலும் வரிசை அப்படியே நின்றுவிடும். எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி வருகை அட்டையை நிரப்பாமல் வந்திருந்தார். பேரன் கைப்பேசியில் விரலால் தேடித்தேடி எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தான். பின்னால் இருபது பேர். அதனால் வெள்ளிக்கிழமை இரவே நிரப்பி, படமாகச் சேமித்து வையுங்கள்.

ஹட்யாய் டிக்கெட்டை நிலையத்திலேயே தாய் ரயில்வே முகப்பில் வாங்க வேண்டும். நான் போனபோது 50 பாட். பினாங்கு லிட்டில் இந்தியா பணமாற்றுக் கடையில் சில்லறையாக பாட் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டி, மேலே காற்றாடி, ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பார்கள். ரப்பர் தோட்டத்துக் காற்று முகத்தில் அடிக்கும். சுமார் ஒரு மணி நேரப் பயணம். எனக்கு இந்தத் தடத்திலேயே பிடித்த பகுதி அதுதான்.

ரயில்பித்தன்
நேர வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால்தான் நான் தனியாகச் சொல்லவில்லை. அது எப்போதுமே ஒரு மணி நேரம்தானே.

பழையபட்டர்வொர்த்
எப்போதுமே இல்லை ஐயா. 1982 ஜனவரி 1க்கு முன்னால் தீபகற்ப மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் அரை மணிதான் வித்தியாசம். கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று நம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அப்போது எனக்குப் பள்ளி வயது. அடுத்த வாரமெல்லாம் இருட்டில் எழுந்து பள்ளிக்குப் போனது நினைவிருக்கிறது.

ரயில்பித்தன்
சிங்கப்பூர் மாற்றியதால்தான் நாமும் மாற்றினோம் என்று படித்திருக்கிறேன்.

பழையபட்டர்வொர்த்
தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். மலேசியா மாற்றியது, சிங்கப்பூர் நம்மோடு ஒத்துப்போனது. தினமும் ஜோகூர் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு நேரம் என்றால் எப்படிச் சமாளிப்பது?

செந்தூல்வாசி
நேரத்தை விடுங்கள். முன்பு கே.எல்.லிலிருந்து ஹட்யாய்க்கே இரவு ரயில் ஓடியது. படுத்துத் தூங்கினால் காலையில் ஊர் வந்துவிடும். எல்லையில் மட்டும் எழுப்பிக் கடப்பிதழில் முத்திரை குத்துவார்கள். அதை நிறுத்தியது பெரிய இழப்பு. பெருநாள் விடுமுறைக்கு ஹட்யாய் வரை மைசவாஸ்டி என்கிற சிறப்பு ரயில் விடுகிறார்கள்தான், ஆனால் டிக்கெட் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ரயில்பித்தன்
மின்பாதை வந்த பிறகு ஐந்தரை மணி நேரத்தில் எல்லையைத் தொடுகிறோம். எதற்கு இரவு முழுக்கக் குலுங்கிக்கொண்டு போக வேண்டும்?

செந்தூல்வாசி
விடுதிக் காசு ஒரு ராத்திரி மிச்சமாகுமே. மாணவனுக்கு அதுதான் கணக்கு.

சுங்கைப்பட்டாணி_அக்கா
பிள்ளை திரும்பி வருவதைப் பற்றி யாருமே பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹட்யாயிலிருந்து பிற்பகல் ரயில் அவர்கள் நேரப்படி ஒரு மணி வாக்கில் கிளம்பும். அதை விட்டால் அன்றைக்கு வேறு சிறு ரயில் கிடையாது. அதனால் சனி சாயங்காலமே குளோங் ஹே மிதக்கும் சந்தைக்குப் போய்விடுங்கள், அது வார இறுதியில்தான் நடக்கும். ஞாயிறு காலை கிம் யோங் சந்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோங்க்லா கடற்கரைக்கு ஓடினால் ரயில் போய்விடும். நவம்பர், டிசம்பர் என்றால் மழையையும் பார்த்துக்கொள்ளுங்கள், 2025 நவம்பரில் அந்த ஊரே முங்கிப்போனது.

புளிச்சோறு22 (திங்கள், காலை 8.02)
போய்விட்டு வந்தோம். அது தாய் நேரம்தான், 4.40க்குக் கிளம்பியது. குடிநுழைவு வரிசையில் முப்பத்தைந்து நிமிடம் நின்றோம், அட்டையை முன்பே நிரப்பியிருந்ததால்தான் பிழைத்தோம். தண்டவாளம் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. வகுப்புக்குப் போகிறேன்.

தண்டவாளம்
மகிழ்ச்சி. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா?

கூலிம்காரன்
திரும்பி வந்தது ரயிலிலா, வேனிலா?