மைக்ரோவேவ் சூளையில் உருக்கிய கண்ணாடிப் பதக்கங்கள் மறுநாள் விரிசல் விடுகின்றன

பொங்கலுக்குப் பிறகு கோயம்புத்தூரில் வீட்டிலேயே, 800 வாட் மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கும் சிறிய சூளையில் கண்ணாடிப் பதக்கங்கள் செய்யக் கற்று வருகிறேன். 3 மி.மீ. தடிமனுள்ள இரண்டு துண்டுகளை அடுக்கி உருக்கும்போது விளிம்புகள் அழகாக உருண்டு வருகின்றன. ஆனால் மறுநாள் பார்த்தால், நிறங்களின் எல்லையோடு ஒட்டாமல் பதக்கத்தின் குறுக்கே, முனையில் கொக்கிபோல் வளைந்த விரிசல் தெரிகிறது.

விரிவுக் குணகம் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் எண்) 90 உள்ள கண்ணாடியை மட்டுமே பயன்படுத்துகிறேன். 96 உள்ளதைக் கலக்கவில்லை. துண்டுகளை நன்கு கழுவி உலர்த்தினேன், அடியில் இடும் செராமிக் தாளை மாற்றினேன், முழுவதும் ஆறும்வரை மூடியைத் திறக்காமலும் வைத்தேன். ஒற்றைத் துண்டில் செய்த சிறிய காதணிகள் மட்டும் இன்றுவரை உடையவில்லை என்பதால், கண்ணாடியின் உள் இறுக்கம் தளர வேண்டிய 480 டிகிரி செல்சியஸ் அளவைச் சூளை மிக விரைவாகக் கடந்துவிடுகிறது என்றே கருதுகிறேன்.

வெப்பக் கட்டுப்பாடு உள்ள மின்சூளை வாங்காமல், இதே சூளையில் தடித்த பதக்கங்களை மெதுவாக ஆறவைக்க வழி உண்டா?