புதுப்பிப்பு: 58 வயதில் லைக்ரா போடலாமா?

தொப்பையும் நரையுமாக இருக்கிற எனக்கு, சைக்கிள் ஓட்ட உடம்போடு ஒட்டிப்பிடிக்கும் லைக்ரா உடை சரிப்படுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "இந்த வயசுல யாருங்க பார்க்கப் போறா?" என்று ஒருவர் எழுதியது ஆறுதலா, கிண்டலா என்று இன்னும் பிடிபடவில்லை.

கடைசியில் வாங்கியது தோளில் வார் வைத்த பிப் ஷார்ட்ஸ். இடுப்பில் இறுக்கும் எலாஸ்டிக் இல்லை, குனிந்து ஓட்டும்போது வயிற்றை அழுத்துவதில்லை. உள்ளே உட்காரும் இடத்தில் மெத்தை மாதிரி பேட் தைத்திருப்பதால் உள்ளாடை வேண்டாம் என்றார்கள். சரிதான், உள்ளாடையின் தையல்தான் வியர்வையோடு உரசித் தோலைப் புண்ணாக்கிவிடும். ஒரே தொல்லை, கழிப்பறைக்குப் போனால் மேல்சட்டையையும் கழற்ற வேண்டியிருக்கிறது!

கடைக்குள் நுழையும்போது மட்டும் கூச்சம் போகவில்லை. அதற்கென்று தொளதொள ஷார்ட்ஸ் ஒன்றை மேலே மாட்டிக்கொள்கிறேன்.

அப்புறம், நிறம். சட்டை பளிச்சென்ற மஞ்சள். ஆனால் அந்தச் சாயம் பகலுக்குத்தான். இருட்டில் வண்டி விளக்கைத் திருப்பி அடிக்கும் பட்டை வேண்டும். அதைக் கணுக்காலில் கட்டியிருக்கிறேன். மிதிக்கும்போது மேலும் கீழும் அசைவதால், வருவது சைக்கிள் என்று ஓட்டுநருக்குச் சட்டெனத் தெரியும். மகளுக்கு அந்த மஞ்சள் சகிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.